ஒரு பேச்சுக்கு

பயிற்சியில் சேர்ந்த நாள் திங்கட்கிழமை, பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் முடித்துவிட்டு ஊர் திரும்பும் கூட்டம் பேருந்து நிலையத்தை அடைத்துக்கொண்டிருந்ததால், கீழ்பென்னாத்தூரிலிருந்து நான் வந்த பேருந்து நாற்பது நிமிடம் தாமதம். இதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. பத்து வயதிலிருந்து தினமும் எழுதுகிறேன்.

உள்ளாட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் ஒரு வருடப் பயிற்சி. எனக்கு வயது இருபத்து நான்கு. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. மேலாளர் என்னைப் பிரிவுக்கு அழைத்துப்போய், “பாப்பா கொஞ்சம் அமைதி டைப். வேலை குடுத்தா கரெக்டா பண்ணும்” என்றார். இரண்டும் உண்மைதான்.

பழைய பதிவேடுகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அது எனக்குப் பிடித்திருந்தது. கஷ்டம் மதியம் ஒரு மணிக்குத்தான். அலுவலகத்துப் பெண்கள் நான்கு பேர் பதிவறையில் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப்போட்டுச் சாப்பிடுவார்கள். நான் என் இடத்திலேயே சாப்பிடுவேன். பள்ளியிலும் கல்லூரியிலும் அப்படித்தான் இருந்தேன், அது பழக்கம்.

முதல் வாரம் வியாழக்கிழமை, தண்ணீர் பிடிக்க அந்த வாசலைத் தாண்டும்போது, எங்கள் பிரிவின் உதவியாளர் நிமிர்ந்து பார்த்து, “வாம்மா, சாப்பிடலாம்” என்றார். ஐம்பது வயது இருக்கும், எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் திரும்பிப்போய் என் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைய பக்கத்தில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: ‘சாப்பிடக் கூப்பிட்டார்கள்.’

மறுநாளும் கூப்பிட்டார். அடுத்த வாரமும் தினமும். நானும் போனேன். தினமும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கும்தான் கொண்டுபோவேன், வேறு எதுவும் எனக்கு ஒத்துவராது. அக்கா தன் வேர்க்கடலைத் துவையலை என் மூடியில் வைப்பார், அது சாதத்தின்மேல் படாமல் தனியாகச் சாப்பிடுவேன். அவர்கள் மருமகள்களைப் பற்றிப் பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருமுறை வரி வசூல் பிரிவுப் பெண் தன் கல்யாணத் தேதியைச் சொல்லி, வெள்ளிக்கிழமை முகூர்த்தம் நடந்தது என்றார்.

“அந்தத் தேதி செவ்வாய்க்கிழமை, அக்கா” என்றேன். தேதி சொன்னால் கிழமை எனக்கு மனக்கணக்கில் வந்துவிடும்.

“செவ்வாக்கெழம யாருன்னா கல்யாணம் பண்ணுவாங்களா?”

“அப்ப தேதி தப்பா இருக்கும்.”

“இல்லடி, செவ்வாக்கெழமையா இருக்கும். அதான் உன் வீட்டுக்காரர் அப்படிக் கீறாரு” என்றார் அக்கா. மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரி வசூல் பிரிவுப் பெண் சிரிக்கவில்லை என்பதை வீட்டுக்குப் போய் எழுதும்போதுதான் கவனித்தேன்.

ஏழாவது வாரம், புதன்கிழமை. சாப்பிட்டு முடித்துப் பின்பக்கக் குழாயில் டப்பா கழுவிக்கொண்டிருந்தேன். பதிவறை ஜன்னல் அந்தப் பக்கம்தான்.

“ஏன்க்கா தெனம் கூப்புட்ற?” அது வரி வசூல் பிரிவுப் பெண்ணின் குரல்.

“நான் எங்கடி கூப்புட்டேன்? வாசல்ல வந்து நிக்குது, ஒரு பேச்சுக்கு வாம்மான்றேன். டப்பாவத் தூக்கினு வந்து ஒக்காந்துடுது.”

“பாவம்க்கா அது.”

“பாவந்தான், யாரு இல்லன்னா? ஆனா வீட்டு விஷயம் ஒண்ணு பேச முடியுதா?”

டப்பாவை இன்னொரு முறை கழுவினேன்.

ஒரு பேச்சுக்குக் கூப்பிடுவது என்றால் என்ன என்று அன்று வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். “சாப்புட்ற நேரத்துல யாரு வந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்துடணும்” என்றார்.

“நெஜமாவே கூப்ட்டா?”

“ரெண்டு மூணு வாட்டி கூப்புடுவாங்க.”

“ரெண்டா, மூணா?”

அம்மா அடுப்பைத் துடைக்கப் போனார். இவ்வளவு புத்தகம் படித்திருக்கிறேன். எதிலும் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும் என்பதால் இருக்கலாம்.

மறுநாள் சொன்னேன்: “இருக்கட்டும்க்கா, நீங்க சாப்பிடுங்க.” அக்கா, “சரிம்மா” என்றார். ஒரு முறைதான் கூப்பிட்டார். அதன்பின் தினமும் நோட்டில் எண்ணிக்கையைக் குறித்தேன். ஒன்று. ஒன்று. ஒன்று.

அடுத்த பௌர்ணமி அன்று பதிவறையில் அக்கா மட்டும் இருந்தார், மற்ற மூவரும் விடுப்பு. மணி 1.12.

“வாம்மா, சாப்பிடலாம்.”

“இருக்கட்டும்க்கா, நீங்க சாப்பிடுங்க.”

“வாயேன். வத்தக்கொழம்பு ஜாஸ்தியா இருக்குது.”

இரண்டு. மூன்றாவதுக்காக வாசலிலேயே நின்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் உட்கார வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. தப்பாகப் போய்விடக் கூடாது என்றும் இருந்தது. அதனால், பதிவேட்டில் எழுத்துப் புரியாவிட்டால் கேட்பதுபோலக் கேட்டேன்.

“அக்கா, நெஜமா கூப்புட்றீங்களா, ஒரு பேச்சுக்கா?”

சாதத்தைப் பிசைந்த கை நின்றது. “இப்படியெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முகம் மட்டும் சிவந்துவிட்டது. நான் பதிலுக்காக நின்றேன். அவர் மறுபடியும் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார், நான் என் இடத்துக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அதன்பின் அவர் என்னைக் கூப்பிடவில்லை. நில அளவையர் வாசலைத் தாண்டினால், “வாங்க சார், சாப்பிடலாம்.” “இருக்கட்டும்மா, சாப்பிடுங்க.” குடிநீர்ப் பிரிவு டிரைவருக்கும் அதே வார்த்தை. நான் வந்தால் அக்கா தன் டப்பாவுக்குள் பார்ப்பார். ஏன் என்று புரிய மூன்று வாரம் ஆயிற்று. கேள்வி கேட்டவளிடம் அந்த வார்த்தையைச் சும்மா சொல்ல முடியாது. சொன்னால் நான் மறுபடியும் கேட்டுவிடுவேனோ என்று பயந்திருப்பார். மற்றபடி அவர் நல்லவர். என் பயிற்சி அறிக்கையில் மேலாளரிடம் கையெழுத்து வாங்க இரண்டு முறை மாடி ஏறினார். அன்றைக்கு அவர் நிஜமாகத்தான் கூப்பிட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நான் பை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அக்கா பின்னாலேயே படிவரை வந்தார்.

“ஒரு நாள் வீட்டுக்கு வாம்மா” என்றார்.

எந்த நாள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் வீடு எங்கே என்றும் எனக்குத் தெரியாது.

“சரிக்கா” என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் எதுவும் கேட்காததாலா, கிளம்புவதாலா என்று தெரியவில்லை.