தீப்பெட்டி ஆடிய வயிறு

எங்கள் நைனாவின் வயிற்றில் தீப்பெட்டி ஆடும். பொய்யில்லை, தண்டையார்பேட்டையில் எங்கள் சந்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு வந்ததும் லுங்கியைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டி, வெறும் உடம்போடு வாசலில் மல்லாந்து படுப்பார். தொப்புளுக்கு மேலே தீப்பெட்டியை வைப்பார். அது டிக் டிக்கென்று எம்பும். நாங்கள் கைதட்டுவோம்.

"இந்த வித்த வேற எவனுக்குனா வருமா?" என்று நைனா பீற்றிக்கொள்வார்.

பார்க்க வந்தவர்களில் ஒருத்தர் மட்டும் கைதட்டவில்லை. டோல்கேட் பக்கம் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். "மாமு, இது வித்த இல்ல, வியாதி. எய்ந்து சட்டைய மாட்டு" என்று கையோடு ஒரு பெரிய டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

வயிற்றுக்குள் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் சைக்கிள் டியூப் மாதிரி உப்பியிருக்கிறதாம். வெடித்தால் ஆள் காலி. அந்த இடத்தில் துணிக்குழாய் ஒன்றை வைத்துத் தைக்க வேண்டுமாம். ஐம்பதுகளின் கடைசி அது. அந்த ஆபரேஷனே நம் ஊருக்குப் புதுசு. நைனா பிழைத்து வந்தார், நெஞ்சுக்குக் கீழிருந்து அடிவயிறு வரை தையலோடு. அதற்கப்புறம் டீக்கடையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் லுங்கியை இறக்கித் தையலைக் காட்டுவது அவர் வேலையாகிவிட்டது.

குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இது வரலாம், கூடப்பிறந்தவர்களை அழைத்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் கூடப்பிறந்தவர்கள் என்றால் ஆம்பளைகள்தான். இரண்டு சித்தப்பாக்களும் லீவு போட்டு, தலையைப் படிய வாரி, பவுடர் பூசி, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி கிளம்பினார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். அத்தையும் வந்தாள். நைனாவுக்கு மூத்தவள். புருஷன் போன பிறகு எங்களோடு இருந்துகொண்டு ராயபுரத்தில் மீன் விற்றாள். அன்றைக்கு வியாபாரத்தை விட்டு அவள் வந்தது, தம்பிகளுக்கு டிபன் கேரியர் தூக்க.

உள்ளே டாக்டர் தம்பிகளின் வயிற்றை அமுக்கிப் பார்க்க, வெளியே அத்தை இரண்டு சட்டைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பாக்களுக்கு ஒன்றுமில்லை. திரும்பும் வழியில் எல்லாரும் பக்கோடா தின்றோம்.

அத்தையின் வயிற்றை யார் பார்த்தது? புடவையை இறுக்கிக் கட்டி, கொசுவத்தை அழுத்திச் செருகி, அதற்கு மேல் வெற்றிலைச் சுருக்குப்பை. அவள் வாய் திறக்காமல் இல்லை. "வவுத்துல இன்னாமோ குதிச்சிகினே கீது" என்று சொன்னாள். வாயு என்று அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். "இந்த வயசுல முழுவாம கீறியா?" என்று மீன்காரிகள் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு மத்தியானம் இடுப்பு வலி தாங்கவில்லை என்று அத்தை பாயில் படுத்தாள். எண்ணெய் தேய்த்துவிடப் புடவையைத் தளர்த்தினேன். தொப்புளுக்கு மேலே துள்ளிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்து அங்கே வைத்தேன். ஆடியது.

நான் போட்ட சத்தத்தில் நைனா ஓடி வந்தார். பார்த்தார். தீப்பெட்டியைத் தட்டிவிட்டு ரிக்‌ஷா கூப்பிட ஓடினார்.

அதே டாக்டர்தான். "ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. பெண்களுக்குக் குழாயும் சன்னம், தைப்பது கஷ்டம். ஏன் அன்றைக்கே இவங்களைக் கூட்டி வரவில்லை?" என்று கேட்டார்.

அத்தைதான் பதில் சொன்னாள். "நானும்தான் வந்தேன் டாக்டரே. சட்டைய புட்சிகினு வெளியவே நின்னேன்."

யார் மேலும் கோபமில்லாமல்தான் சொன்னாள். எனக்குத்தான் கோபம், எங்கள் எல்லார் மேலும். ஆபரேஷன் ரூமுக்குள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து நைனாவிடம் நீட்டினாள்.

"புட்சிகினு நில்லுடா. வந்து வாங்கிக்கிறேன்."

நைனா நின்றார். விளக்கு வைக்கும் நேரம் வரை அதைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியே நின்றார். வாங்கிக்கொள்ள அத்தை வரவில்லை.