‘ஆர்?’ என்று கேட்காத சிவப்புப் புள்ளி

பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை காட்டின காலம் முடிந்து, வற் வரி பதினெட்டு வீதத்துக்கு ஏறி, கரட் கிழங்கு விலை கேட்கவே ஆட்கள் பயந்த தை மாதம் அது. அக்கராயனில் பெரும்போக நெல் முற்றிக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில் வயலை விட்டு நான் எங்கேயும் போகிறவன் இல்லை. போகவைத்தது என் தங்கச்சி ராசமலர் எடுத்த ஒரு போன்.

“அண்ணை, இவர் துவக்குக்குக் கண்ணாடி போடப் போறாராம். ஒருக்கா வந்து பாருங்கோ.”

“துவக்குக்கு என்னத்துக்குக் கண்ணாடி? அவருக்கெல்லோ போடோணும்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன், கேக்கிறாரில்லை. சுதன் கனடாவில இருந்து கொண்டுவந்தவன். நாளையிண்டைக்கு வவுனியாவில குடுத்துப் பூட்டப் போகினமாம்.”

இவர் என்று அவள் சொன்னது தன் மனிசன் கந்தவனத்தை. எனக்கு மச்சான். கனகராயன்குளத்துக்கு உள்ளே வயல் செய்கிறவர். பன்றிக் காவலுக்கென்று அனுமதிப் பாஸ் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது. சுதன் அவருடைய தமையனின் மகன், நாற்பது வயதுக்காரன், அங்கே ஏதோ துவக்குக் கிளப்பில் குறி பார்த்துச் சுடுகிறவன்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள் தன்னுடைய இந்த இணையப் பக்கத்தில் தட்டுகிறாள். தூரமும் காசும் அவள் சரிபார்த்தது. மிச்சம் என் ஞாபகம். கதைத்ததைக் கதைத்தபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் அக்கராயனில் இருந்து முறிகண்டிக்கு விடிய ஆறரைக்கு ஓட்டோ பிடித்தேன். ஆயிரத்து இருநூறு ரூபாய். பஸ்ஸும் இருக்கிறது, ஆனால் அதை நம்பி வெளிக்கிடாதையுங்கோ. ஓட்டோக்காரன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“ஐயா, கனடாக்காரர் ஆரும் வந்திருக்கினமோ?”

“உனக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. இந்த விடியக்காலமை மடிப்புக் குலையாத சேட்டோட ஐயாமார் வெளிக்கிட்டா, கனடாக்காரர் வந்த வீட்டுக்குத்தான்.”

முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு ஒரு சரை கச்சான் கடலை வாங்கினேன். ஏ9 வீதியில் போகிற பஸ்கள் அங்கே எப்படியும் நிற்கும், அதனால் கைகாட்டி மறிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த வவுனியா பஸ்ஸில் ஏறினேன். கனகராயன்குளத்துக்கு நூற்றைம்பது ரூபாய், முப்பது கிலோமீற்றர் மட்டில் வரும். வலது பக்கம் வெயில் விழாது, காலையில் அங்கே இருங்கோ. பக்கத்தில் இருந்தவர் எங்கே போகிறேன், யாரிடம் போகிறேன் என்று விடாமல் கேட்டார். செத்தவீடு ஒன்றுக்கு என்று சொன்னேன். பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

வழி முழுக்க யோசித்தது அந்தச் சாமானைப் பற்றித்தான். சிவப்புப் புள்ளி என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். சிவப்பு வெளிச்சம் ஒன்று போய் ஒரு ஆளின் நெஞ்சில் குந்துகிறதை எங்கள் ஆட்களுக்குப் படத்தில் பார்த்துத் தெரியும். சண்டை முடிந்து வருசக்கணக்காகக் காட்டோரம் எங்கும் சிவப்பு மிதிவெடிப் பலகை நின்றது, மண்டையோடு கீறி. எங்கள் பக்கத்தில் சிவப்பு என்றால் கால் வைக்காதே என்று பொருள். அந்த நிறத்தில் ஒன்றை ஏன் ஒருவன் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் கொண்டுவருகிறான்?

இறங்கிய சந்தியில் மச்சான் மோட்டார்சைக்கிளில் வருவதாகச் சொல்லியிருந்தார். நான் மரத்தடியில் நின்றேன். வந்தவர் என்னைக் கடந்து போய், கடை வாசலில் நின்ற வேறொரு வேட்டிக்காரரிடம் நிறுத்தினார்.

“ஏறு மச்சான், வெயிலுக்க நிக்காதை.”

அந்த மனிசன் பாவம், ஏறவும் காலைத் தூக்கிவிட்டார். நான் போய் மறித்தேன்.

“நான் இஞ்ச நிக்கிறன்.”

“தெரியும், தெரியும். பகிடிக்கு.”

பகிடி என்று நான் நம்பவில்லை. உள்ளே நாலு கிலோமீற்றர் கிரவல் ரோட்டு. ஒரு பள்ளம் கிடங்கைக் கூட அவர் விலத்தவில்லை. முந்தி அந்த ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன் என்று பெருமை பேசுகிறவர். அன்றைக்கு அப்படித்தான் ஓடினார் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். மச்சானும் நானும் ஒரு காலத்தில் ஒரே பன்றி வேட்டைச் செட்டு. யேசுதாசன், சின்னராசா, துரையப்பா என்று இன்னும் மூன்று பேர். யேசுதாசன் முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிறவன், கடல் கொந்தளிக்கிற மாதங்களில் எங்களிடம் வந்து நிற்பான். இறைச்சியைப் பங்கு பிரிக்கிறது ராசமலர். அதனால் அவளையும் சேர்த்து ஆறு பேர் என்றுதான் நாங்கள் கணக்கு. செட்டில் ஒரு சட்டம் இருந்தது. பற்றைக்குள் எது அசைந்தாலும், விசையில் விரல் வைக்க முதல் ‘ஆர்?’ என்று சத்தமாகக் கேட்கவேண்டும். பன்றி என்றால் ஓடும். மனிசர் என்றால் பதில் வரும். அதனால் எத்தனையோ பன்றி தப்பிப் போனது. யேசுதாசன் இரண்டு தரம் பற்றைக்குள் குந்திக்கொண்டு “நான்தானடாப்பா, கொஞ்சம் பொறுங்கோ” என்று கத்தியிருக்கிறான். வேட்டையில் வெடிபட்டு எங்கள் செட்டில் ஒருவரும் சாகவில்லை.

வீட்டு முற்றத்தில் மேசை போட்டுச் சுதன் அந்தச் சாமானை வைத்திருந்தான். நெருப்புப்பெட்டி அளவுதான். மேலே சின்னக் கண்ணாடி, சட்டம் போட்ட யன்னல் மாதிரி. துவக்கு அறைக்குள் அலுமாரியில் இருந்தது, அதை யாரும் வெளியே எடுக்கவில்லை.

“கஸ்ரம்ஸில ஒண்டும் கேக்கேல்லையோ?” என்றேன்.

“கேக்கேல்லை மாமா.”

“அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை.”

அவன் சிரித்தான். எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். கண்ணாடியின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, மிளகாய் விதையை விடச் சின்னது, தூரத்துத் தென்னையில் ஒட்டினதுபோல நின்றது. தலையை அசைத்தேன். கண்ணாடிக்குள் புள்ளி நகர்ந்ததே ஒழிய, தென்னையை விட்டு அது போகவில்லை. மற்றக் கையை முன்னால் நீட்டிப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு வெளிச்சமும் விழவில்லை.

“அப்ப புள்ளி எங்க போகுது?”

“எங்கயும் போகாது மாமா. உள்ளுக்க சின்ன லைற் ஒண்டு, அது கண்ணாடியில பட்டுத் திரும்பி உங்கட கண்ணுக்க வருது. முன்னுக்கு நிக்கிறவருக்கு ஒண்டும் தெரியாது.”

பார்க்கிறவன் ஒருவனுக்கு மட்டும் தெரிகிற சாட்சி. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஆனால் அவன் சொன்ன விசயங்கள் நியாயமானவை. பழைய துவக்கில் பின்குறியையும் முன்குறியையும் நேர்ப்படுத்தி, பிறகு பன்றியையும் பார்க்கவேண்டும். வயது போன கண்ணுக்குக் கிட்டவும் தூரவும் ஒரேயடியாகத் தெளியாது. இதில் இரண்டு கண்ணும் திறந்தபடி பன்றியைப் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேல் வந்து இருக்கும். ரைபிளுக்கும் பூட்டலாம், பிஸ்ரலுக்கும் பூட்டலாம். பிஸ்ரலில் பழகுகிறதுதான் பாடு என்றான். தோளில் முட்டுக் கிடையாது, மணிக்கட்டு கொஞ்சம் சரிந்தாலும் புள்ளி யன்னலை விட்டுப் போய்விடும். முதல் மாதங்களில் கிளப்பில் எல்லோரும் தொலைத்த கோழியைத் தேடுகிறமாதிரிப் புள்ளியைத் தேடுவார்களாம். வெறுங்கையை நீட்டி அப்படித் தேடியும் காட்டினான்.

“முக்கியம் என்னெண்டா மாமா, நேரம் மிச்சம். கண்ட உடன சுடலாம்.”

“கண்ட உடனயோ?”

“ஓம்.”

“அந்த மிச்ச நேரத்தில நாங்கள் ஒண்டு கேக்கிறனாங்கள்.”

அவனுக்கு அது விளங்கவில்லை. மச்சானுக்கு விளங்கியது, விளங்காததுபோல இருந்தார். என் கையில் இருந்து சாமானைப் பறித்துத் தன் கண்ணுக்குப் பிடித்தார்.

“என்னடா இது, கோழி கிண்டின குங்குமம் மாதிரிக் கிடக்கு. பழுதான சாமானைக் கொண்டுவந்து என்னட்டத் தள்ளுறாய் என்ன?”

எனக்கும் ஒரு நொடி சுதனில் சந்தேகம் வந்தது. ஆனால் நான் பார்த்தது வட்டம். சுதன் போன் கமராவைக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்துப் படம் எடுத்துக் காட்டினான். அதிலும் வட்டம்.

“சித்தப்பா, கமராவுக்கு வட்டம், உங்களுக்குச் சிதறல் எண்டா, பிழை கண்ணில.”

“கண்ணில பிழை எண்டா நான் மோட்டார்சைக்கிள் ஓடி வந்தது எப்பிடி?”

“அதைத்தான் நானும் பின்னுக்கு இருந்து யோசிச்சுக்கொண்டு வந்தனான்” என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தச் சாமானோடு வயல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உதில பார். வாய்க்கால் கரையில பண்டி. என்ர கண் பிழையெண்டவை வந்து பாருங்கோ. புள்ளி அப்பிடியே விலாவில இருக்கு.”

நானும் பார்த்தேன். வாய்க்கால் கரையில் மண்நிறத்தில் ஒரு கூன், பற்றையோடு பற்றையாய், மெல்ல அசைந்தது. எனக்குக் கண்புரை வெட்டி வில்லை வைத்த கண், தூரம் நல்லாய்த் தெரியும். எனக்கே அது பன்றி மாதிரித்தான் இருந்தது. ஆனால் பத்து மணி வெயிலில் வெட்டவெளியில் நின்று மேய்கிற பன்றியை நான் என் வயதுக்குக் கண்டதில்லை. வாய் தானாகத் திறந்தது.

“ஆர்?”

“நான்தான். ஏன் அண்ணை கத்துறியள்? பொன்னாங்காணி பிடுங்கிறன்.”

வெயிலுக்குச் சாக்கை மடித்துத் தலையிலும் முதுகிலும் போட்டிருந்த ராசமலர் நிமிர்ந்தாள்.

மச்சான் அந்தச் சாமானை மேசையில் கவிட்டு வைத்தார். அலுமாரிக்குள் இருந்த துவக்கில் அது பூட்டியும் இல்லை, ஒருவர் கையிலும் தோட்டா இல்லை. ஆனால் மறுநாள் இருந்திருக்கும்.

கீரைப்பிடியோடு அவள் வந்தாள். “என்ன எல்லாரும் ஊமையா இருக்கிறியள்?”

மச்சான் அவளைப் பார்க்காமல் கேட்டார். “தேங்காய் துருவித் தரட்டோ?”

கலியாணம் முடித்த நாளில் இருந்து அந்தக் கேள்வியை அவர் வாயால் அவள் கேட்டதில்லை. என்னைச் சந்தேகமாய்ப் பார்த்தாள். “இந்த மனிசனுக்கு என்ன செய்தனீங்கள்?” என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். மச்சான் குசினிக்குள் போய்த் துருவுபலகையில் இருந்துவிட்டார்.

அடுத்த கிழமை துவக்கைத் தானே கொண்டுபோய்ப் பொலிசில் ஒப்படைத்தார். சுதன் தன் புள்ளியைத் திருப்பிக் கொண்டுபோனான். அந்தப் போகம் பன்றி நல்லாய்த் தின்றது. மச்சான் வைகாசியில் போய்க் கண்ணுக்கு வில்லை வைத்தார்.

அந்தச் சாமான் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அனுமதியோடு குறி பழகுகிறவருக்கு நல்லது. வாங்க முதல் போன் கமராவால் பாருங்கோ. கமராவில் வட்டமாயும் கண்ணில் சிதறலாயும் இருந்தால் கண் வைத்தியரிடம் போங்கோ. பற்றரியையும், வெடி அதிர்ச்சிக்குப் பிறகு திருகாணிகளையும் பார்க்கச் சொல்லிச் சுதன் சொன்னான். எங்கள் நாட்டில் பாஸ் துவக்கில் அதைப் பூட்டலாமோ என்று எனக்குத் தெரியாது. கச்சேரியில், மாவட்டச் செயலகத்தில், கேட்காமல் கை வையாதையுங்கோ. குழல் எங்கே பார்க்கிறது என்று புள்ளி சொல்லும். அங்கே நிற்கிறது யார் என்று அது சொல்லாது, நீங்கள்தான் கேட்கவேண்டும்.

கனகராயன்குளம் பக்கம் போகிறவர்கள் மாசிக்கு முதல் போங்கோ, வயல் பார்க்க வடிவு. திரும்பி வர முறிகண்டி வரைக்கும் பஸ் தாராளமாய் இருக்கும், பிறகு ஓட்டோதான். கிரவல் ரோட்டின் முடிவில், வாய்க்காலை ஒட்டின வீட்டில் மோர் தருவார்கள். வாய்க்கால் கரைக் கதையை மட்டும் அங்கே எடுக்காதையுங்கோ. தங்கச்சிக்கு நாங்கள் சொல்லவே இல்லை.

சின்னராசாவைப் பாம்பு கடித்தது. யேசுதாசனைச் சுனாமி வந்த அந்தக் காலைமை கடல் எடுத்தது. துரையப்பா கடைசிச் சண்டையில் மாத்தளனில் போனான். மச்சான் புதுக் கண்ணோடு ஒரு வருசம் கிடங்கு விலத்தி மோட்டார்சைக்கிள் ஓடினார், போன மாரியில் அவரை நெஞ்சுவலி கொண்டுபோனது. அந்த வீட்டு வாசல் படலையில் நின்று குரல் குடுங்கோ. உள்ளே இருந்து ‘ஆர்?’ என்று கேட்கும். செட்டில் என்னை விட்டால் மிச்சம் அந்தக் குரல்தான், ராசமலர்.