வண்டிக்குப் பொட்டு வைத்த லீலா

வாசலோர சீட்டுப் பெண்ணின் அடையாள அட்டை கழுத்தில் புரண்டு கிடக்கிறது. பென்னலூரில் கம்பெனி பஸ் ஏறிய லீலா முதலில் அதைத் திருப்பி முகம் தெரிய வைக்கிறாள். அப்புறம் ஜன்னல் திரையை இழுத்துச் சமன் செய்கிறாள். தூங்கி வழிகிற ஒருவரின் மடியில் சாய்ந்திருக்கும் டிபன் பையை நிமிர்த்துகிறாள். சீட்டு காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உட்கார மாட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரகடம் வரை நின்றே வருவாள். "உக்காந்தா கால் சும்மா கீது. கால் சும்மா இருந்தா மனசு எங்கெங்கியோ ஓடுது" என்பாள்.

ஆள் இல்லாமல் தானே ஓடும் சரக்கு வண்டிகளைச் செய்கிற தொழிற்சாலை அது. லீலா அங்கே ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் ஹவுஸ்கீப்பிங். தரை துடைப்பதுதான் வேலை என்று ஏட்டில் இருக்கும். ஆனால் விழா என்று வந்துவிட்டால் அவள் இல்லாமல் ஒரு துரும்பு அசையாது. குத்துவிளக்குக்குத் திரி, சால்வைக்கு மடிப்பு, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, எல்லாம் அவள் கைதான். இருநூறு நாற்காலியை நூல் பிடித்தாற்போலப் போடுவாள். அதில் ஒன்றில்கூட இன்றுவரை உட்கார்ந்ததில்லை.

அந்தக் கம்பெனி இதுவரை மானத்தை விட்ட கதைகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மகளிர் தினத்துக்கு அடித்த பேனரில் ஐந்து பேர் படம் இருந்தது, ஐந்து பேருக்கும் மீசை. மழைநீர்த் தொட்டியைத் திறக்கும் நாளில் மழை வரவில்லை, லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பினார்கள். லாரி நகர்வதற்குள் பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். "பெரியவங்க பண்ற கூத்துக்குக் கடைசில தொடப்பத்த எடுத்துக்கினு போறது நாமதானே" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு நாலு நாளாக இல்லை.

ஆயுதபூஜையன்று புது வண்டியின் முதல் ஓட்டம். விளம்பரப் பிரிவு பிரவீனின் யோசனை: வண்டியே சால்வைத் தட்டைச் சுமந்து போய், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரியவர் முன்னால் நிற்க வேண்டும். அதை அப்படியே நேரலையில் காட்ட வேண்டும். வாயிலில் தினமும் ஊழியர்களின் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிற செக்யூரிட்டிகூட அன்றைக்கு ஒட்டவில்லை. எல்லோரும் படம் எடுத்துப் பரப்பட்டும் என்று பிரவீன் உத்தரவு வாங்கியிருந்தான்.

வண்டிக்கு முன்பக்கம் ஒரே ஒரு கேமரா. அதுதான் அதற்குக் கண். பராமரிப்புப் பிரிவு ஜாஸ்மின் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனாள்: "அக்கா, எங்க வேணா பொட்டு வையுங்க. அந்தக் கண்ணுல மட்டும் கை வெச்சிடாதீங்க." கண் மறைந்தால் வண்டி தானாக நின்றுவிட வேண்டும். அதைச் சரிசெய்து முடிக்க ஜாஸ்மின் இன்னும் ஒரு வாரம் கேட்டிருந்தாள். ஆயுதபூஜைக்கே ஓடியாக வேண்டும் என்று மேலே சொல்லிவிட்டார்கள். லீலா கவனமாக இரண்டு பக்கவாட்டிலும் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்தாள்.

பிரவீன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். பொட்டு படத்தில் விழவில்லையாம், முன்னால் வைக்க வேண்டுமாம். லீலா தயங்கினாள், சொல்லியும் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. வைத்தாள்.

அப்புறம் நடந்ததை ஊரே பார்த்துவிட்டது. பெரியவர் சால்வைக்காக இரண்டு கையையும் நீட்டினார். வண்டி அவரைத் தாண்டிப் போய்விட்டது. நீட்டிய கை நீட்டியபடி அவர் நிற்க, அது நேரே போய் மேடைப் பேனரின் கம்பத்தில் முட்டி, பேனரைத் தன்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, உடைத்துப் போட்ட பூசணிக்காய் மேலெல்லாம் ஏறி, ஆண்கள் கழிவறைச் சுவரில் போய் இடித்து நின்றது. அந்தப் பேனரில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'மனிதத் தவறுக்கு இனி இடமில்லை.' நாட்டில் யாருக்குத்தான் சிரிப்பு வராது!

மறுநாள் கம்பெனி அறிக்கை விட்டது. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை, ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் ஒருவரின் மனிதத் தவறு அது என்று. சும்மா இருந்திருந்தால் இரண்டு நாளில் அடங்கியிருக்கும். ஒரு பொட்டுக்கே கண் அவிந்துபோகிற வண்டியா என்று முன்னைவிட இரண்டு மடங்கு சிரித்தார்கள். உடனே தலைமை அலுவலகம் எழுத்தில் விளக்கம் கேட்டது. அறிக்கையில் பேர் இல்லைதான். ஆனால் பஸ்ஸிலும் கேன்டீனிலும் எல்லாத் தலையும் லீலா பக்கம்தான் திரும்பியது.

இந்த நாலு நாளும் அவள் கை ஓயவில்லை. துடைத்த கண்ணாடியையே துடைத்தாள். அடுக்கிய தம்ளரைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். வீட்டில் சோறு வடிக்கும்போதே வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். "இன்னாடி, கொஞ்சம் குந்தேன்" என்றார் கணவர் சுப்பன். அவருக்குத் தொழிற்சாலை லைன் வேலை போய் எட்டு மாதம். "குந்துனா அழுதுடுவேன்" என்றாள் லீலா.

மூன்றாம் நாள் உணவு இடைவேளையில் ஜாஸ்மின் அவளைத் தனியே கூப்பிட்டுத் விழாவன்று தன் போனில் எடுத்த வீடியோப் படத்தை அனுப்பிவைத்தாள். ஊரெல்லாம் சுற்றுவது வண்டி கிளம்பியதற்குப் பிறகான துண்டு. இதில் அதற்கு முந்தியதும் இருந்தது. "என் பேரைச் சொன்னாலும் பரவால்லக்கா" என்றாள். லீலா உடனே யாரிடமும் காட்டவில்லை. பிரவீனுக்குக் குழந்தை பிறந்தபோது, முதல் ஸ்வீட்டை 'அக்கா எடுத்துக்கோங்க' என்று அவளிடம்தான் நீட்டினான். அவனே வாயைத் திறந்து சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள்.

நாலாம் நாள் காலை மனிதவளப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி சண்முகசுந்தரம். சுவரோரம் பிரவீன், போனில் கண்ணை நட்டபடி. கடிதம் ஏற்கெனவே அடித்துத் தயாராக இருந்தது. 'யாருடைய அறிவுறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் கேமராவில் குங்குமம் வைத்தேன்.' லீலா நின்றபடி இரண்டு முறை படித்தாள்.

"பயப்படாதீங்கம்மா. கையெழுத்துப் போட்டா வாலாஜாபாத் குடோனுக்கு மாத்திவிட்டு, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் சண்முகசுந்தரம் தன் ஊர்ப் பேச்சில், கனிவாகவே.

"போடலன்னா?"

"ஒண்ணாந்தேதிக்கு மேல கேட் பாஸ் கிடைக்காது."

"ஒம்போது வருசத்துல ஒரு நாற்காலி கோணயா போட்டதில்ல சார் நானு" என்றாள் லீலா. பிறகு பிரவீனைப் பார்த்தாள். "பிரவீன் சார், நீங்களே சொல்லுங்க. நானாவா வெச்சேன்?"

பிரவீன் நிமிரவே இல்லை. "சைன் பண்ணிடுங்கக்கா. எல்லாம் தானா அடங்கிடும்."

கடிதம் மேஜைமேல் சாய்வாகக் கிடந்தது. அவள் கை தானாக நீண்டு, அதை மேஜை விளிம்போடு நேராக்கியது. பேனாவைத் தொடவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்துக் கடிதத்தின்மேல் வைத்து, படத்தை ஓடவிட்டாள். முதலில் அவள் குரல்தான் கேட்டது: "வேணாம் சார், அது கண்ணு சார்." அடுத்து பிரவீனின் குரல், நல்ல தெளிவாக: "லைவ் போயிட்டிருக்குக்கா, நடு நெத்தியில பெருசா வைங்க, நான் பாத்துக்குறேன்."

சண்முகசுந்தரம் போனையும் பிரவீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. லீலா அதைத் திருத்தவில்லை. அப்படியே அதில் உட்கார்ந்தாள்.