ரகுராம் கையெழுத்துப் போட்ட தமிழ்ப் பலகை

ஜோகுபாளையத்து உஷா பதினாறு வருடமாக ஒரு விளம்பர ஏஜென்சியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஷாம்பு, வீட்டுக்கடன், எதைக் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்தில் தமிழாக்கித் தருவாள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

போன வருடம் ஒரு இனிப்புக் கம்பெனி, பிரேசர் டவுனில் திறக்கவிருந்த கடைக்கு, சர்க்கரையின் உலக வரலாற்றை ஆங்கிலத்திலும் தமிழிலும் சுவர்ப் பலகைகளாகச் செய்துதரக் கேட்டது. எழுதும் வேலை உஷாவின் தலையில் விழுந்தது. நியூகினியில் முளைத்த கரும்பு, இந்தியாவில் காய்ச்சிய சர்க்கரை, அதை மேற்கே கொண்டுபோன அரபிகள் என்று தொடங்கினாள். பிறகு கரும்புத் தோட்டத்து ஆப்பிரிக்க அடிமைகள். ஆலை உருளையில் சிக்கிய கையை வெட்டியெடுக்கப் பக்கத்திலேயே கோடாலி வைத்திருந்தார்களாம். அதையும் எழுதினாள். அடிமை முறை ஒழிந்ததும் மதராஸிலிருந்து கப்பலேற்றப்பட்ட கூலிகளில் அவளுடைய மூதாதை கன்னியப்பனும் ஒருவர். நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர், ஏழு வருடம் கழித்து வலது கை இல்லாமல் ஆற்காட்டுக்குத் திரும்பினார். அவரையும் எழுதினாள்.

ஏஜென்சி முதலாளி ரகுராம் ஆங்கிலப் பிரதியில் அந்தப் பகுதியை அடித்தார். "கை போன கதைய ஜாமூன் பக்கத்துல மாட்டணுமாம்மா?"

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும், "நம்ம உஷாவோட கூலித் தாத்தா சர்க்கரைக்குக் கை கொடுத்தாராம்!" என்றார். எட்டுப் பேர் சிரித்தார்கள். உஷாவும் சிரித்துவைத்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ரகுராமின் குடும்பம் மைசூர் சமஸ்தான வேலைக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. வீட்டில் தமிழ் பேசுவார்கள்; பள்ளியில் கன்னடம் என்பதால் தமிழ் படிக்கத் தெரியாது. அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். தமிழ்க் கடிதம் வந்தால், "கண்ணாடி கொண்டுவரல, கொஞ்சம் படிம்மா" என்பார். உஷா இத்தனை வருடமும் அந்த மானத்தைக் காப்பாற்றியிருந்தாள்.

ஆங்கிலப் பலகையில், 'கடல் கடந்து புதுவாழ்வு தேடியவர்கள்' என்று வந்தது. தமிழ்ப் பலகையில் கோடாலியும் வந்தது, கன்னியப்பனும் வந்தார்.

"படிச்சுப் பாத்துட்டீங்களா சார்?" என்று அச்சுக்குப் போகவேண்டிய தமிழ்ப் பிரதியைக் காட்டி உஷா கேட்டாள்.

"ஓ, பாத்தேன். சூப்பர்." கையெழுத்துப் போட்டார்.

திறப்பு விழாவில் தமிழ்ப் பலகை முன்னால் மட்டும் கூட்டம் நகரவில்லை. கடையில் வேலைக்கு வந்த தர்மபுரிப் பெண்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி முதலாளி பாகீரதி சேலத்துக்காரர். நின்று கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"ரகுராம், என்ன இது?"

"மேடம், இது உஷா... எனக்குத் தெரியாமலே..."

உஷா அச்சுக்குப் போன பிரதியை நீட்டினாள். "சார் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டார் மேடம். வேணும்னா இப்பவே வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க."

ரகுராம் பலகையைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவி, "கண்ணாடி கொண்டுவரல" என்றார். மீட்டிங்கில் சிரித்த எட்டுப் பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் பலகையைக் கழற்றினார்கள். கம்பெனி வேறு ஏஜென்சிக்குப் போனது. உஷாவுக்கு வேலை போனது. இப்போது வீட்டிலிருந்தே படங்களுக்கு வசனம் மொழிபெயர்க்கிறாள். பழைய ஆபீஸ் ரமா போன் செய்து, "சார் ரொம்ப ஒடஞ்சுட்டாரு. ஒரு சாரி சொல்லிடேன்" என்றாள்.

"அவர் இன்னும் கொஞ்சம் ஒடையட்டும்" என்று உஷா போனை வைத்தாள்.