சுடாத கால்

என் வலது காலுக்குச் சூடு தெரியாமல் போனது எப்போது என்று எனக்கே தெரியாது. கால் என்னிடம் சொல்லவில்லை. சொன்னது என் மருமகள்.

திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, புகையவிட்டுக் கரியாக்குவோம். அன்று மூட்டத்தைப் பிரித்துக் கரி அள்ளிக்கொண்டிருந்தோம். ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. எவள் செருப்போ என்று சிரித்துக்கொண்டே அள்ளினேன்.

“அத்தை! ஒங்க செருப்புத்தான் உருகுது!” என்று மருமகள் கத்தினாள்.

“பூக்குழி எறங்குன காலுடி இது. மாரி காவல் இருக்கா. ஒனக்குப் பொறாமை.”

ஒரு வருஷமாக அப்படித்தான் பீற்றிக்கொண்டிருந்தேன். முள் ஏறினால் வலிக்காது. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடப்பேன். விரதம் இருந்து தீ மிதித்ததற்கு ஆத்தா கொடுத்த வரம் என்று ஊரும் சொன்னது. அந்தத் தைரியத்தில் சுகர் மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள், செருப்போடு சேர்ந்து வெந்த பெருவிரல் கறுத்து நாற்றமெடுத்தது. மருமகள் என்னை அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏற்றினாள். எங்கள் தெருவில் இதேபோல் கறுத்த விரலோடு போன ஒருத்தி, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தாள். வழியெல்லாம் அவள் ஞாபகம்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் ஒன்றால் பாதத்தைத் தொட்டார். நான் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, “தெரியுது, தெரியுது” என்றேன். ஒரு தடவை நூலைக் கிட்டே கொண்டுவந்து தொடாமலே நிறுத்தினார். அதற்கும் “தெரியுது” என்றேன்.

“ஆத்தா, நான் தொடவே இல்லையே.”

மருமகள் சிரிக்கவில்லை. டாக்டரம்மா நூலைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார்.

“மூளையிலருந்து முதுகெலும்புக்குள்ள ஒரு தண்டு எறங்குது. அதுலருந்து கெளை கெளையா நரம்பு, கால் விரல் வரைக்கும் போகுது. நெருப்புப் பட்டா நரம்பு தண்டுகிட்ட சொல்லும். தண்டு மூளையைக் கேக்காமலே காலை இழுத்துரும். அப்புறந்தான் சுட்டுச்சுன்னு மூளைக்குத் தெரியும்.”

“மொதலாளிக்குக் கடைசியாத்தான் சேதி போகுமாக்கும்.”

“ஒங்களுக்குச் சேதி சொல்லவே ஆளு இல்ல. ஒடம்புலயே நீளமானது காலுக்குப் போற நரம்புதான். சுகரு அதைத்தான் மொதல்ல அரிக்கும்.” ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். “புண்ணுக்குள்ள விட்டுப் பாக்கப்போறேன். எலும்புல தட்டுச்சுன்னா விரலை எடுக்க வேண்டி வரலாம்.”

கம்பி உள்ளே இறங்கியதைப் பார்த்தேன். எறும்பு கடித்த அளவுகூட இல்லை. மூன்று பிள்ளை பெற்றவள் நான். வலி வேண்டாம் என்றுதான் அதுவரை கும்பிட்டிருக்கிறேன். அன்று, வலிக்கட்டும் தாயே, துளியாவது வலிக்கட்டும் என்று கும்பிட்டேன். கம்பி இன்னும் கொஞ்சம் இறங்கியது. மருமகள் என் தோளைப் பிடித்திருந்த பிடி மட்டும்தான் வலித்தது.

கம்பி வெளியே வந்தது.

“எலும்புல படலை. இப்போதைக்கு விரல் ஒங்களுதுதான். ஆனா உணர்ச்சி திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது ஆத்தா.”

மருமகள் உட்கார்ந்து அழுதாள். நான் குனிந்து, நன்றாக இருந்த பக்கத்து விரலைத் தொட்டுப் பார்த்தேன். கைக்கு விரல் தெரிந்தது. விரலுக்குக் கை தெரியவில்லை.