நான் பிடித்துக் கொடுத்த வாடிக்கையாளர்கள்

அம்மாவின் தொழிலுக்கு நான் ஆள் பிடித்துக் கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அம்மா ஒரு தனியார் கம்பெனியில் நிதி ஆலோசகர். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெருக்காரர்களுக்கு அவள் 'பாலிசிக்காரம்மா'. அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணி எழுதும் வேலையில் இருந்தார். அவருக்கு ஷிப்டு மாறி மாறி வரும். அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் சமையல் அவருடையது. இல்லாத நாட்களில் அம்மா என்னை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்து வாடிக்கையாளர் வீடுகளுக்கு அழைத்துப் போவாள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் ஒரு தட்டு மிக்சரைக் காலி செய்திருப்பேன்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் எடுத்தவுடன் பையைத் திறக்க மாட்டாள். "இந்த ரூவா உங்களுக்கு எப்ப வேணும்? எதுக்கு வேணும்?" என்று முதலில் கேட்பாள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அடுப்படிப் பக்கம் பார்த்து, "மதினி, அடுப்பை அணைச்சிட்டு இங்கன வந்து இரிங்க" என்று கூப்பிடுவாள். மதினி வரும்வரை பேச்சு நகராது. இவ்வளவு மெதுவாக வியாபாரம் செய்கிறவளை அம்மாவாகப் பெற்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அந்த வருஷம் கம்பெனியில் ஒரு போட்டி வைத்தார்கள். குறிப்பிட்ட இலக்கைத் தொட்டால் குடும்பத்தோடு சிங்கப்பூர். மாதக் கடைசியில் அம்மாவுக்கு இன்னும் ஒரே ஒரு பெரிய பாலிசிதான் குறைந்தது. நான் அதற்குள் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தேன். ஒன்பது பேருக்குப் பென்சில் டப்பா வாங்கி வருவதாக ஒப்புக்கொண்டுமிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் திரேஸ்புரத்திலிருந்து ஒரு மாமா அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். சங்கு குளிக்கப் போகும் வள்ளங்கள் இரண்டு வைத்திருந்தவர். இளவயதில் அவரே கடலடியில் மூழ்கிச் சங்கெடுத்தவர். அதில் இடது காது முழுசாகப் போய்விட்டது, வலது காதும் அரைகுறைதான். இரண்டு வள்ளத்தில் ஒன்றை விற்றுவிட்டு அந்தப் பணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, அஞ்சு வருசத்துல ரெண்டு மடங்கா ஆவும்னு ஒரு பாலிசி இருக்காமே. மொத்தத்தையும் அதுல போட்டுரு" என்றார்.

என் காதில் விமானச் சத்தம் கேட்டது. அம்மா மட்டும் வழக்கம்போல எப்ப வேணும், எதுக்கு வேணும் என்று ஆரம்பித்தாள். மாமா, "கெடக்கட்டும்னுதான்" என்றார். மதினி, அதாவது மாமாவின் மனைவி, வரவழைக்கப்பட்டாள். அந்த அத்தை கையைத் துடைத்துக்கொண்டே, "ஏன், மவளுக்கு ஜூன்ல நர்சிங்குக்குக் கட்ட வேண்டாமா?" என்றாள்.

அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அப்ப இது உங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி. இதுல போட்டா அஞ்சு வருசத்துக்கு எடுக்க முடியாது. பேங்குல டெபாசிட்டா போடுங்க. நானே கூட வாரேன்."

சொன்னபடியே கூடப் போனாள். வரிசையில் நின்று, படிவத்தை நிரப்பி, ரசீதை வாங்கி அத்தையின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அதில் அம்மாவுக்கு ஒரு பைசா கிடையாது.

அன்று சாயங்காலம் கிளை மேலாளர் மூன்று தடவை போன் செய்தார். "சார், அவருக்கு ஜூன்ல பணம் வேணும்" என்று மூன்று தடவையும் அம்மா சொன்னாள். போனை வைத்துவிட்டு வந்தவளிடம், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அப்பா கேட்டார்.

"சங்கடமா இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு."

"இருக்கும்லா" என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். சிங்கப்பூர் விவகாரம் எங்கள் வீட்டில் அத்தோடு முடிந்தது. பென்சில் டப்பாக்களுக்கு வாக்குக் கொடுத்தவள் நானல்லவா? என்னால் அப்படி விட முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அம்மாவின் பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தையும் வழவழப்பான விளம்பரத் தாளையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் திரேஸ்புரத்துக்குப் போனேன். மாமா வீட்டு வாசலில் உட்கார்ந்து நைலான் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரே தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். பத்துப் பதினைந்து பெண்கள் குடங்களோடு நின்றார்கள்.

"மாமா, அம்மா சொன்னது தப்பு. நீங்க அந்தப் பாலிசியிலதான் போடணும்."

"என்னளா? சத்தமாச் சொல்லு. கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். குழாயடியில் பேச்சு நின்றது. அத்தை உள்ளேயிருந்து வந்தாள்.

"ஏளா, ஒங்கம்மா அனுப்புனாளா?"

"இல்ல. அம்மாவுக்குத் தெரியாது."

"பின்ன எதுக்கு வந்த?"

கத்தத் தொடங்கிய தொண்டை தணியவில்லை. "நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா நாங்க சிங்கப்பூர் போயிருப்போம். ஒரே ஒரு பாலிசிதான் கொறஞ்சது. அம்மாவுக்குக் கமிஷனும் நெறைய கெடச்சிருக்கும். மேனேஜர் மூணு வாட்டி போன் பண்ணாரு. அம்மா கேக்கவே இல்ல. ஒங்க மவ படிப்பு, படிப்புன்னு சொல்லி எல்லாத்தையும் கெடுத்துட்டாங்க."

யாருடைய குடமோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. மாமா தன் மனைவியைப் பார்த்து, "என்ன சொல்லுதா?" என்றார். அத்தை அவருடைய வலது காதருகே குனிந்து, நான் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் என் கையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

மாமா பாலிசி எடுக்கச் சம்மதித்துவிட்டார் என்று நினைத்தேன். அத்தை எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்து, பெரிய ரோடு வரைக்கும் சைக்கிளோடு நடந்து வந்து அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்த நேரத்தில் எங்கள் வீட்டு முன்னால் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன. அத்தை முதலில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கோயிலுக்குக் கட்டிய சேலையோடு பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அம்மாவின் முகம் வெளுத்தது. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய்விட்டேன்.

"தங்கச்சி, நேத்து ஒம் மவ எங்க தெருவுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டா" என்றாள் அத்தை.

"என்ன சொன்னா?"

"நீ எங்களுக்காவ எதை விட்டன்னு சொன்னா. நாங்க அதத் தெரியாம ஒரு வாய் காப்பிகூடக் குடுக்காம அனுப்பிட்டோம்." பின்னால் திரும்பிக் கை காட்டினாள். "இவா மவன் கப்பல்ல இருக்கான், அனுப்புத ரூவா நிக்க மாட்டேங்குது. அவா நகையெல்லாம் அடகுல கெடக்கு. எல்லாரும் ஒங்கிட்டதான் கேக்கணுமாம்."

எங்கள் வீட்டில் மொத்தம் ஆறு டம்ளர்தான். அப்பா பக்கத்து வீட்டில் டம்ளர் இரவல் வாங்கி எல்லோருக்கும் டீ போட்டார். அம்மா ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து அதே இரண்டு கேள்விகளைக் கேட்டாள். இரண்டு பேரைத் தபாலாபீசுக்கு அனுப்பினாள். முதலில் நகையைத் திருப்பு, பிறகு என்னிடம் வா என்று ஒருத்தியிடம் சொன்னாள். நாலைந்து பேருக்குத்தான் பாலிசி எழுதினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் யாரும் கிளம்பவில்லை. அப்பா இன்னும் இரண்டு படி அரிசி களைந்தார்.

போட்டி நாள் முடிந்திருந்தது. சிங்கப்பூர் சிங்கப்பூராகவே இருந்துவிட்டது. ஆனால் ஆட்கள் வருவது அந்த ஞாயிறோடு நிற்கவில்லை. தபாலாபீசுக்குப் போனவர்கள் தங்கள் அக்காமார்களைக் கூட்டி வந்தார்கள். அடகை மீட்டவள் அடுத்த மாதமே வந்தாள். ஜூனில் மாமாவின் மகள் நர்சிங் சேர்ந்தாள். அவளோடு படித்த பெண்களின் அப்பாக்களும் வந்தார்கள். இரண்டே வருஷத்தில் அம்மா கடற்கரைச் சாலைப் பக்கம் சொந்தமாக ஓர் அறை பிடித்துப் போர்டு மாட்டினாள். போர்டை ஆணியடித்தது அப்பா. நேராக இருக்கிறதா என்று தெருவின் அந்தப் பக்கம் நின்று பார்த்துச் சொன்னது திரேஸ்புரம் அத்தை.

அதற்கு முன்பே, மறு வருஷத்தில், மதுரையில் ஒரு பெரிய ஓட்டலில் கம்பெனி விழா நடந்தது. தென் மாவட்டங்களிலேயே முதலிடம் என்று அம்மாவின் பெயரைச் சொன்னார்கள். மூன்று தடவை போன் செய்த அதே மேலாளர்தான் மைக் பிடித்திருந்தார். அம்மா நீலப் பட்டுச் சேலையில் மேடையேறினாள். எதற்கும் குரல் உயர்த்தாத என் அப்பா, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"ஒரே தெருவுல இத்தனை வாடிக்கையாளரை எப்படி மேடம் பிடிச்சீங்க?" என்று மேலாளர் கேட்டார்.

அம்மா முன்வரிசையில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கை நீட்டினாள். "நான் பிடிக்கல சார். எம் மவதான் பிடிச்சுக் குடுத்தா" என்றாள்.

எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று, நாலு பக்கமும் திரும்பி, முறையாகக் கும்பிட்டேன். அவ்வளவும் என் பேச்சுத் திறமைக்கு என்றுதான் நினைத்தேன். அன்றைக்குத் திரேஸ்புரத்தில் நான் போய்க் கத்தியது அம்மாவின் மேல் ஒரு புகார் என்பதோ, அம்மாவைப் பற்றி அதைவிட நல்லதாக யாராலும் சொல்லியிருக்க முடியாது என்பதோ, அப்படிக் கும்பிட்டுக்கொண்டு நின்ற எனக்குத் தெரியவில்லை.