அத்தைக்குப் பார்த்த குதிரை

குதிரை ஏறிய அனுபவம் உண்டா என்று யாராவது கேட்டால், அந்த வயதில் நான் கொஞ்சமும் கூசாமல் உண்டு என்பேன். வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினக் குதிரைமேல் உட்கார்ந்து சுற்றி, இறங்கி, வாந்தியும் எடுத்திருந்தேன். அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டில் என்னைவிட அனுபவசாலி கிடையாது. ஆகவே அத்தைக்குக் குதிரை பார்க்கப் போனபோது அப்பா என்னையும் கூட்டிப்போனார். நான் நல்ல குண்டு. முதுகு பாரம் தாங்குமா என்று பார்க்கத் தனியாக மூட்டை எதுவும் தேவைப்படாது.

அத்தை அப்பாவின் தங்கை. போடிக்கு மேலே மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஜீப் நிற்கிற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். வழுக்கி விழுந்து முட்டி பிசகியதிலிருந்து அவளால் அந்த ஏற்றம் முடியவில்லை. இதுதான் சாக்கென்று, வேலையை விட்டுவிட்டு உத்தமபாளையத்து ரைஸ்மில் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டச் சொன்னார் அப்பா.

"ஏலக்கா மூடையே குதிரையில வந்து போகுது. டீச்சர் போனா என்னண்ணே?" என்றாள் அத்தை.

பொம்பளை குதிரையேறுவதாவது என்று வீடே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை; சமைக்கவும் இல்லை. பசி வந்ததும் அப்பா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். புதிதாக ஏறுகிறவளுக்குத் தோதான குதிரை கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை.

குதிரைத் தரகர் முதலில் காட்டியது ஒரு வெள்ளைக் குதிரை. கல்யாண ஊர்வலங்களில் ஆடிப் பழகியதாம். உடம்பில் முடி சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்வார்களே, அந்தச் சுழிகள் அத்தனையும் அதற்குப் பிரமாதமாம். ஞாயிறு பூசை தவறாத அப்பா, "வேதக்காரவுகளுக்கு இதெல்லாம் கெடையாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே குனிந்து அடிவயிறுவரை பார்த்தார். என்னை ஏற்றினார்கள். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஐஸ் வண்டிக்காரர் ஹாரனை அமுக்கினார். குதிரை அதை நாதஸ்வரமென்று எடுத்துக்கொண்டது. முதல் இரண்டு ஆட்டம் நானும் கூட ஆடினேன். மூன்றாவதை எருக்குழியிலிருந்து பார்த்தேன்.

"தோதுப்படாது" என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார்.

அடுத்து வந்தது பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. மலையில் மூட்டை சுமந்து இளமை போனது. அத்தை அதன் காதருகே குடையை டப்பென்று விரித்தாள். அது காதை மட்டும் அசைத்தது. காலைத் தூக்கிப் பார்த்தாள், கொடுத்தது. நான் மேலே உட்கார்ந்து எம்பி எம்பிக் குதித்தேன், எருவும் கண்ணீருமாகக் கத்தினேன். அது யோசனையாகப் புல் தின்றது. அப்பாவின் முகம் தொங்கிவிட்டது.

அப்போதுதான் தரகர் தலையைச் சொறிந்தார். "சொல்லாம வித்தா எனக்குத்தான் பாவம். எடது தோளுக்குக் கீழ பாருங்க, அந்தச் சுழி ஆகாது. இது கட்டிக்கெடக்குற வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வராதும்பாக."

"கேட்டியாத்தா? வா, போவம்." அப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது.

அத்தை நகரவில்லை. "நெசமாவே கூடி வராதா?" என்று தரகரிடம் கேட்டாள்.

"போன ரெண்டு வீட்லயும் வரல டீச்சரம்மா."

"கயித்தக் குடுங்க."

"ஏத்தா, ஊரு என்ன பேசும் தெரியுமா?" என்று அப்பா பதறினார்.

"பேசட்டும்ண்ணே. நல்லாச் சத்தமாப் பேசட்டும்."

கடைக்குக் கடை ஒரு ரூபாய் போன் பெட்டி தொங்கிய காலம். நாங்கள் குதிரையை நடத்திக்கொண்டு வீடு சேர்வதற்குள் செய்தி ரைஸ்மில்லுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து சுழியை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார்.

என் அத்தைக்குக் கல்யாணம் நடக்காமல் போவதா? சனிக்கிழமை அப்பாவின் ஷேவிங் செட்டை எடுத்துப்போய், சோப்பு நுரை தடவி, அந்தச் சுழியைச் சுத்தமாக மழித்துவிட்டேன். குதிரை அதற்கும் அசையாமல் நின்றது. அவ்வளவு தோதான குதிரை. பார்த்த அத்தை என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"முடிதானத்தே, வளந்துரும்" என்று விசும்பினேன்.

"அதே சுழியா வளருமாடி?" என்று கேட்டாள், அத்தனை கவலையோடு.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் அந்த மொட்டை இடத்தையே வெறித்தார்கள். "செரச்சு மறைக்கிற அளவுக்குல்ல இருந்திருக்கு!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. காப்பி ஆறுவதற்குள் கார் கிளம்பிவிட்டது. அப்பா வாசலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் குதிரைக்குக் கொள்ளு வாங்கி வந்தார்.

மறுநாள் காலையில் அத்தை சேணத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "எல்லாம் என்னாலதானத்தே. கவலப்படாதீக, நான் வேலைக்குப் போனதும் ஒங்களுக்கு இதவிட நல்ல மாப்பிள்ளையா நானே பாத்துத் தாரேன்."

அத்தை சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பாவம், இவ்வளவு துக்கத்தையும் எப்படி மறைக்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் அழுதேன்.